கேட்டு வாங்கிய கொம்பு

தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு சங்கு எடுக்கத் தக்கதா, விடத் தக்கதா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இரண்டுக்கு மட்டுமே இருந்தது. ஒன்று, வட்டத் துளையிட்ட மரப்பலகை. மற்றொன்று, அதைக் கையில் பிடித்திருந்த ஞானதீபம். துளை வழியே விழுந்துவிடும் சங்கு சிறியது. அது வளர்வதற்காகக் கடலுக்கே திரும்பவேண்டும். துளையில் தட்டி நிற்பது பெரியது. அது கிட்டங்கிக்குப் போய்ச் சரக்கோடு சேரலாம். பலகை இவ்வளவில் தன் வேலையை முடித்துக்கொள்ளும். ஞானதீபம் முடித்துக்கொள்ளமாட்டார். பலகை ஒப்புக்கொண்ட சங்கையும் வெயிலில் தூக்கி, புழுத்துளை உண்டா என்று பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார், கீழே வைத்தபின், வைத்தது சரிதானா என்று மறுபடியும் எடுத்துப் பார்ப்பார்.

சங்கு குளிக்கும் மரியான் ஒருநாள் பொறுமை இழந்து, "அண்ணாச்சி, கலியாணத்துக்குப் பொண்ணு பாக்கயிலயும் இம்புட்டு நேரமா பாத்திய?" என்று கேட்டுவிட்டான்.

"அதைவிடக் கூடப் பாத்தேம்ல. அதான் குத்தம் ஒண்ணும் இல்லாம அமைஞ்சுது" என்றார் ஞானதீபம், சங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குற்றம் இல்லாமல் அமைந்த அந்தப் பெண் கிருபை. நாசரேத்தில் பிறந்தவள், மிஷன் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றவள். உருளைத் தலையணையின்மேல் நிறைய ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை இடமும் வலமும் மாற்றிப் போட்டு, மயிரிழை போன்ற நூலில் திராட்சைக்கொடி படரவிடும் வேலை அது. இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தக் கொடியைப் படரவிட்டதற்குக் கூலியாக, விளக்கேற்றும் நேரம் வந்தால் அவளுடைய இரு கண்களும் மிளகாய்ப்பொடி பட்டவைபோல் எரியத் தொடங்கின. டாக்டர் நோய் எதுவும் இல்லை என்றார், களைப்பு என்றார், லேஸை விட்டுவிடுவது நலம், விடமுடியாவிட்டால் இந்தச் சொட்டு மருந்தை விடுக என்றார். கிருபை லேஸை விடவில்லை. சொட்டு மருந்துதான் அவளை விட்டது. யுத்தம் முற்றிச் சீமைச் சரக்குகள் கப்பலில் வருவது நின்றபோது, அந்தச் சின்னப் புட்டியும் நின்றுபோயிற்று.

அப்போது உதவிக்கு வந்தவள் பின்சுவருக்கு அப்பால் குடியிருந்த சுடலைமாடத்தி. கருப்பட்டிக் கடை வன்னியபெருமாளின் மனைவி. அவளுடைய கொல்லையில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த நந்தியாவட்டை ஒன்று நின்றது. ஒற்றை அடுக்கு, ஐந்தே இதழ், இரவெல்லாம் பனியில் நனைந்து விடியலில் வெள்ளை வெளேரென்று சிரிக்கும். கிள்ளினால் காம்பில் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் படலாகாது. ஆகையால் காம்பை நீக்கிப் பூவை இரண்டு முறை அலசி, மண்கலயத்துத் தண்ணீரில் பகல் முழுதும் ஊறப்போட்டு, மாலையில் மூடிய இமைகளின்மேல் பரப்பி, மெல்லிய துணியால் கட்டிக்கொண்டு அரைமணி படுத்திருக்கவேண்டும். எரிச்சல், கரைக்கு வந்த அலைபோல், வந்த வழியே இறங்கிப்போகும்.

"சீம மருந்து கப்பலேறி வரணும் மைனி. இது சுவரேறி வரும்" என்று சொல்லி, நாள்தோறும் ஒரு வாழையிலைத் துண்டில் பூவைச் சுவரின்மேல் வைத்துவிட்டுப் போவாள் சுடலைமாடத்தி.

அடுத்த வீட்டுச் செடியை நம்பித் தம் வீட்டுக்காரியின் கண் இருப்பது ஞானதீபத்துக்கு உவப்பாக இல்லை. தைமாதத்தில் முறைப்படி சுவரருகே சென்று, ஒரு கொம்பு வேண்டும் என்று கேட்டார். அவள் மகிழ்ச்சியோடு கொடுத்தாள். வாசலுக்கு நேரே, நான்கு பேர் பார்க்கும் இடத்தில், செம்மண்ணும் எருவும் இட்டு அதை நட்டார். கிணற்று உப்புத் தண்ணீர் ஆகாது என்று குழாய்த் தண்ணீரை அளந்து ஊற்றினார். ஓலை முடைந்து நிழல் கட்டினார். வேலைக்குப் புறப்படுமுன் ஒவ்வொரு காலையும் குந்தி உட்கார்ந்து, கொம்பை இரு விரல்களால் மெல்லத் தூக்கி, வேர் வந்திருக்கிறதா என்று பார்த்து, வரவில்லை என்று கண்டு, மறுபடியும் மண்ணில் ஊன்றி, நன்றாக அழுத்திவிட்டுப் போனார். ஒரு பிள்ளையைக்கூட அவ்வளவு கவனமாக எவரும் வளர்த்ததில்லை. பதினைந்தாம் நாள் கொம்பு கருகியது.

இரண்டாம் கொம்பும் அவ்வாறே போயிற்று. மூன்றாவதற்குக் கவனத்தை இரட்டித்து, காலையும் மாலையும் பார்த்தார். அது பத்தே நாளில் போயிற்று. நான்காவது வாடத் தொடங்கிய சமயத்தில்தான் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது.

அன்றுமுதல் தூத்துக்குடியில் வானத்தைப் பார்க்காமல் நடந்தவர் இல்லை. காக்கை பறந்தாலும் அண்ணாந்து பார்த்தார்கள். வன்னியபெருமாள் பிறரைப்போல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிராமல், ஏரலில் தம் மாமனுடைய வீட்டுக்கு எதிரே ஒரு கடையைப் பேசி முடித்துவிட்டார். தூத்துக்குடி வீட்டை உப்பு வியாபாரி ஒருவருக்கு மூட்டை அடுக்க விடுவதென்றும், கொல்லையைச் சுத்தமாக வெட்டிக் கொடுப்பதென்றும் ஏற்பாடு. புறப்பாடு சித்திரைக் கடைசியில். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தன. வேரோடு பெயர்த்து நடுகிற வயதை அந்த நந்தியாவட்டை என்றோ கடந்திருந்தது.

அன்று மாலை கண்ணில் பூக்கட்டோடு கிருபை கட்டிலில் படுத்திருக்க, ஞானதீபம் நான்காம் கொம்பின் சடலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரருகே நின்றார்.

சுவருக்கு மேல் சுடலைமாடத்தியின் தலை தெரிந்தது. "அண்ணாச்சி, இதுவும் போச்சா?"

"போச்சு தாயி. மண்ணு சரியில்ல போல."

"மண்ணு என்ன செய்யும், பாவம். கொம்பு வந்த வழிதான் சரியில்ல. நீங்க கேட்டுல்லா வாங்குதிய."

"கேட்டு வாங்காம வேற எப்படி வாங்க?"

"நந்தியாவட்டைக் கொம்பு கேட்டு வாங்குனா வேர் விடாது அண்ணாச்சி. களவாண்டு நடணும். எங்க ஊரு மாப்பிள்ளையூரணில இது தொட்டில் புள்ளைக்கும் தெரியும்."

கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஏளா, நீ சிரிக்காத. பூ சரிஞ்சுரும்" என்று மனைவியை அடக்கிவிட்டு, ஞானதீபம் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஞாயிறுதோறும் ஆலயத்தில் பத்துக் கட்டளைகளையும் பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்பவர் அவர். 'களவு செய்யாதிருப்பாயாக' என்னும் எட்டாம் கட்டளைக்கு மட்டும் முக்கால்மணி எடுத்துக்கொள்வார். "இந்தா பாரு தாயி, நான் களவாங்கமாட்டேன். ஆனா நீ சம்மதிச்சு, சம்மதிச்சதை வெளியே சொல்லாம இருந்தா, அது பாக்கிறவுகளுக்குக் களவு மாதிரி இருக்கும்; உள்ளுக்குள்ள பாவமும் இருக்காது."

"பாவம் இல்லேன்னா வேரும் இல்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தலை மறைந்தது.

மறுநாள் கடற்கரையில் மரியானிடம், யாரோ ஒருவருடைய சங்கடம்போல் அதை எடுத்துரைத்தார். ஒருவன் ஒரு பொருளை எடுக்கிறான். உடையவள் பார்த்துக்கொண்டே பேசாமல் இருக்கிறாள். அது களவு ஆகுமா?

மரியான் தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தான். "பாத்துக்கிட்டு இருந்தா அது தானம் அண்ணாச்சி. பாக்காம இருந்தாத்தான் களவு. யாருக்கு, உங்களுக்கா?"

"எனக்கு எதுக்குல? பொதுவாக் கேட்டேன்."

"பொதுவா உள்ளவரு அகப்பட்டுக்கிட்டா எங்க சாமியார்கிட்ட வந்து பாவத்தைச் சொல்லச் சொல்லுங்க. மூணு செபத்தோட விட்டுருவாரு. உங்க கோயில்ல அந்த வசதி கிடையாதுல்லா?"

கையிலிருந்த சங்கைப் புழுத்துளை பார்க்காமலே ஞானதீபம் கூடையில் போட்டார். மரியான் திடுக்கிட்டு அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தான்.

புறப்பாட்டுக்கு நான்கு நாள் இருக்கையில் ஒரு மாலை, கிருபை லேஸ் தலையணையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். கொடி பாதியில் நின்றிருந்தது. "இனி எதுக்கு? பூவும் போகப்போகுது. சும்மா இருந்தா கண்ணாவது மிஞ்சும்லா" என்றாள். குறைப்பட்டுக்கொள்ளவில்லை, உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லும் குரலில் சொன்னாள். ஆனால் கட்டைகளைத் துணியில் சுற்றும்போது, விரல்கள் பழக்கத்தினால் அவற்றை இடமும் வலமும் ஒரு தரம் மாற்றிப் போட்டன. ஞானதீபம் அதைப் பார்த்தார். எதையும் ஊன்றிப் பார்க்கிறவரானபடியால், நன்றாகவே பார்த்துவிட்டார்.

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொன்னார். இருட்டில் செய்வது கள்ளர் வழக்கம் என்பதால், பகல் இரண்டு மணியைத் தேர்ந்தெடுத்தார். அந்த நேரத்தில் அத்தெரு வெயிலுக்கு அஞ்சி உறங்கும். அல்லது உறங்குவதாகச் சொல்லிக்கொள்ளும். வெள்ளைக் கோட்டு அணிந்து, குடையை மடக்கிப் பிடித்து, பென்சில் சீவும் பேனாக்கத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஆலயத்துக்குப் புறப்படுகிறவர்போல் புறப்பட்டார்.

அதற்குச் சற்று முன்புதான் சுவருக்கு அப்பாலிருந்து, யாரையும் நோக்கியிராத ஓர் அறிவிப்பு உரத்த குரலில் வந்திருந்தது: "நாயைக் கட்டிப்போட்டாச்சு. கொல்லைக் கதவு கொண்டி போடல. எனக்கு உறக்கமா வருது. இனி மூணு மணிக்குத்தான் எந்திப்பேன்." ஞானதீபம் அதைக் கேட்கவில்லை என்று தமக்குத் தாமே உறுதி செய்துகொண்டார். கேட்டிருந்தால் அது தானம் ஆகிவிடும்.

கொல்லைக் கதவு அத்தெருவிலுள்ள எல்லாக் கதவுகளுக்கும் சேர்த்துக் கிறீச்சிட்டது. கட்டிப்போட்டிருந்த நாய் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. அந்த மரியாதை அவருக்கு இன்னும் அவமானமாக இருந்தது. செடியை நெருங்கி, பென்சில் தடிமனுள்ள ஒரு கொம்பைப் பற்றி, கத்தியை வைத்தார்.

அப்போது சன்னலுக்கு உள்ளிருந்து, உறக்கம் சிறிதும் இல்லாத குரல் ஒன்று நிதானமாகச் சொல்லிற்று: "பூனை வந்திருக்கு போல. ஏ பூன, கணுவுக்குக் கீழ சாய்ச்சு வெட்டு. மேல வெட்டுனா அழுகிரும்."

பூனை கத்தியைக் கணுவுக்குக் கீழே இறக்கிற்று.

"மொட்டு இருந்தா கிள்ளிப் போட்டுரு. ரெண்டு இலை போதும்."

பூனை கணுவுக்குக் கீழே சாய்த்து வெட்டி, மொட்டைக் கிள்ளி, இரண்டு இலை விட்டு மற்றவற்றைக் களைந்து, கொம்பை மடக்கிய குடைக்குள் செருகிக்கொண்டு, வந்த வேகத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேறிற்று. பதற்றத்தில் பேனாக்கத்தி செடியின் அடியிலேயே கிடந்துபோயிற்று.

வாசலில் நடுவதற்கு அவருக்கு மனம் துணியவில்லை. நான்கு பேர் பார்க்கும் இடத்தில் களவுப் பொருளை எப்படி நிறுத்துவது? அடுக்களைக்குப் பின்னால், விறகுக்காக அடுக்கியிருந்த பனைமட்டைகளுக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழ அகலத்துக்கு நிழலான மண் இருந்தது. விரலாலேயே குழி பறித்து அங்கே அதை ஊன்றினார். செம்மண் இல்லை, எரு இல்லை. முன்னால் இரண்டு மட்டைகளைச் சாய்த்து மறைத்துவிட்டு, கையைக் கழுவினார். இரண்டு முறை கழுவினார்.

அதன்பின் அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பனைமட்டை எடுக்கவேண்டியிருந்தால், தலையை வேறு திசையில் வைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டி எடுத்தார். அந்த ஞாயிறு ஆலயத்தில் எட்டாம் கட்டளை ஒரே மூச்சில் கடந்துபோயிற்று. முக்கால்மணி மிச்சமானதைக் கண்டு சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

சுடலைமாடத்தி குடும்பம் வண்டியேறிப் போயிற்று. போகும்போது கடைசிப் பூக்களைக் கிருபையின் கையில் கொடுத்து, "மைனி, உங்க வீட்டுப் பூனையை நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றாள். எங்கள் வீட்டில் பூனை ஏது என்று கிருபை கேட்கவில்லை. இரண்டு நாளில் நந்தியாவட்டை வெட்டுண்டது. அது நின்ற இடத்தில் உப்பு மூட்டைகள் ஏறின.

வைகாசியும் ஆனியும் ஆடியும் கிருபைக்குக் கொடிய மாதங்களாகக் கழிந்தன. ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுப்பாள், துணி சூடாகிவிடும், எரிச்சல் குறையாது. தகரப் பெட்டி திறக்கப்படவில்லை. ஞானதீபம் துணியை நனைத்து நனைத்துக் கொடுப்பார். பனைமட்டைகளுக்குப் பின்னால் ஒரு குச்சி கருகிக் கிடப்பதைக் காண அவருக்குத் துணிவில்லை. திருடியும் பயன் இல்லை என்பது உறுதியாகிவிட்டால், மிஞ்சுவது பாவம் மட்டுமே அன்றோ? ஆகையால் தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒன்றைப் பார்க்காமல் விட்டார்.

ஆவணியில் ஒரு மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, கிருபை கட்டிலில் படுத்திருந்தாள். மூடிய இமைகளின்மேல் துணிக்கு அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தார். பூ, ஐந்து இதழ், ஒற்றை அடுக்கு.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றாள் கிருபை, கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணுமில்ல. கண்ணு எப்படி இருக்கு?"

"குளுந்து கிடக்கு."

பூ எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கொம்பு எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்பாள். அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தகரப் பெட்டி திறந்தது. பாதியில் நின்றிருந்த திராட்சைக்கொடி, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் படரத் தொடங்கிற்று. இருவரும் அதைப்பற்றிப் பேசாமலே ஒரு மாதம் இன்பமாக வாழ்ந்தார்கள்.

புரட்டாசியில், உப்பு வியாபாரியிடம் வீட்டைப்பற்றிப் பேச வன்னியபெருமாள் வந்தபோது, சுடலைமாடத்தியும் கூட வந்தாள். நேரே கிருபையின் அடுக்களைக்குள் நுழைந்து, அங்கிருந்து பின்பக்கம் போய், ஊருக்குப் போகுமுன்பே சுவருக்கு மேலிருந்து பார்த்துவைத்திருந்த இடத்தில் பனைமட்டைகளை விலக்கினாள். முழங்காலளவு உயரத்தில், தளதளவென்று, ஏழெட்டுப் பூவோடு அது நின்றது. அதன் அடியில் மண் ஈரமாக இருந்தது.

"அரிசி களைஞ்ச தண்ணி. அடுப்படில நின்னே ஊத்திருவேன்" என்றாள் கிருபை. "வச்ச மறுநாளே கண்டுக்கிட்டேன். சொன்னா மனுசன் வெக்கத்துல செத்துப்போவாரேன்னு விட்டுட்டேன்."

ஞானதீபம் அடுக்களை வாசலில் நின்றிருந்தார். ஓடுவதற்கு வழி இல்லை. "தாயி, சித்திரையில உன் செடியில ஒரு கொம்பை நான்..." என்று தொடங்கினார்.

சுடலைமாடத்தி மடியிலிருந்து ஒரு சிறு துணி முடிச்சை எடுத்து அவர் கையில் வைத்தாள். உள்ளே பேனாக்கத்தி இருந்தது. "பூனைக்குப் பல்லு விழுந்து கிடந்துச்சு. எடுத்து வச்சேன்" என்றாள். பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டு, "ஒண்ணு கேக்கேன், உண்மையைச் சொல்லுங்க. இதை எத்தனை நாள் புடுங்கிப் பாத்திய?" என்றாள்.

"ஒரு நாளும் பாக்கல. பாக்க முகம் ஏது?"

"அப்படிச் சொல்லுங்க. முந்தின நாலையும்?"

ஞானதீபம் கத்தியைத் துணியில் மறுபடியும் சுற்றினார்.

"நான் சொல்லுதேன். விடிஞ்சா குழாய்த் தண்ணிக்கு உங்க வாசல் வழியாத்தான் போவேன். நீங்க வாசல்ல குந்தி இருந்து, கொம்பை உருவி, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, திருப்பிப் பாத்துக்கிட்டு இருப்பிய. அண்ணாச்சி, சின்னச் சங்கைக் கடல்ல திருப்பிப் போடுதியல்லா? தினம் முங்கிப் போயி, வளந்துருக்கான்னு கையில எடுத்தா பாக்குதிய?"

கிருபை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஞானதீபம் செடியின் ஓர் இலையைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "அப்ப களவாங்கணும்னு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார்.

"களவாண்டதை எவனாவது நாலு பேரு பாக்க வச்சு, தினம் புடுங்கிப் பாப்பானா? ஒளிச்சு வச்சிட்டு அந்தப் பக்கமே திரும்பமாட்டான். அதுக்குத்தான் அப்படிச் சொல்லி வச்சிருக்காவ போல. நான் வெறுமே 'புடுங்கிப் பாக்காதிய'ன்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பியளா?"

அவர் நேர்மையானவர். சற்று எண்ணிப் பார்த்து, "கேட்டிருக்கமாட்டேன்" என்றார். "பாக்காம எப்படித் தெரியும்னு சொல்லியிருப்பேன்."

"அதேதான் நாலு தடவையும் எங்கிட்ட சொன்னிய" என்றாள் கிருபை.

காப்பி குடித்து முடித்தபின் சுடலைமாடத்தி புறப்படாமல் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றாள். ஏரலில் ஆற்றுத் தண்ணீர் உண்டு; நல்ல மண் உண்டு; ஆனால் அந்தத் தெருவில் நந்தியாவட்டை மட்டும் இல்லையாம். மாமியாருக்கும் இப்போது கண் எரிகிறதாம். சொல்லிவிட்டுச் செடியைப் பார்த்தாள்; வேறொன்றும் கேட்கவில்லை.

ஞானதீபம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கூரையை நோக்கி, யாரிடமும் அல்லாமல், உரத்த குரலில், "எனக்கு உறக்கமா வருது. நம்ம வீட்டுல நாய் கிடையாது. இனி மூணு மணிக்குத்தான் எந்திப்பேன்" என்று அறிவித்துவிட்டு, முன்னறைக்குப் போய்ப் பாயை விரித்துப் படுத்தார். பின்பக்கம் பனைமட்டை சரியும் ஓசை கேட்டது.

கண்ணை மூடியபடியே, "ஏ பூன, கணுவுக்குக் கீழ" என்றார்.

சற்றுப் பொறுத்தார். சாய்த்து வெட்டினாளா, நேராக வெட்டினாளா? மொட்டைக் கிள்ளினாளா? இரண்டு இலைதானே விட்டாள்? ஒரு முழங்கையை ஊன்றி எழுந்தார்.

அடுக்களை வாசலில் கிருபை குறுக்கே நின்றாள். கையில் லேஸ் நூல். கண் தெளிவாக இருந்தது.

"மூணு மணி ஆகல" என்றாள். "படுங்க."

ஞானதீபம் படுத்துக்கொண்டார்.